பசுமைக் குடில்: வெயிலைச் சேமிக்கும் கணக்கு

மலைநகர்களில் வாழும் நம் வாடிக்கையாளர் பலருக்கு, குளிர்காலம் பிறந்தவுடன் வீட்டுத் தோட்டத்தின் கதவு அடைபட்டுவிடுகிறது. ஐப்பசி வரை காய்த்துக்கொண்டிருந்த தக்காளிச் செடி, முதல் உறைபனியில் ஒரே இரவில் கருகிச் சாய்கிறது. சிம்லா, நைனிடால், டார்ஜிலிங், ஷில்லாங், உதகை என்று ஊர் எதுவானாலும் இந்த அனுபவம் பொதுவானது. அரசுப் பணியாலும் படைப் பணியாலும் வட மாநில மலைப்பகுதிகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இதை இன்னும் கூடுதலாக உணர்கின்றன. வீட்டுத் தோட்டத்துக் கீரையும் கொத்தமல்லியும் அவர்களுக்கு ஊர் நினைவோடு சேர்ந்தவை.

இதற்குத் தீர்வாகப் பலரும் நாடுவது பசுமைக் குடில். அதை வாங்குவதற்கும் அமைப்பதற்கும் ஆகும் செலவை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் நாம், அதைச் சூடாக வைத்திருக்க ஆகும் செலவைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. இக்கட்டுரை அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது.

எங்கள் முதல் குடில்

சில ஆண்டுகளுக்கு முன் இமயமலைச் சாரலில் ஒரு சிறு நகரில் நாங்கள் குடியிருந்தோம். பார்வைக்கு அழகாக இருக்கும் என்று தோட்டத்தின் நடுவே, நான்கு புறமும் திறந்த இடத்தில், 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள ஒரு குடிலை நிறுவினோம். மேலே ஒற்றைப் பாலித்தீன் படலம். உள்ளே தக்காளி, குடைமிளகாய் நாற்றுகள். குளிருக்கு 2,000 வாட் மின்சார ஹீட்டர் ஒன்று. இவ்வளவு போதும் என்று நம்பினோம்.

முதல் மாத மின்கட்டணம் எங்களைத் திகைக்க வைத்தது. ஆயினும் செடிகள் பிழைத்திருந்ததால் பொறுத்துக்கொண்டோம். தை மாதத்தில் ஒரு நாள் மாலை தொடங்கிய பனிப்பொழிவில் இரவு 10 மணியளவில் மின்சாரம் நின்றது. விடியும் வரை திரும்பவில்லை. காலையில் கதவைத் திறந்தபோது 40 நாற்றுகளும் வெந்நீரில் போட்டெடுத்த கீரையைப் போலத் துவண்டு கிடந்தன. குடிலின் உட்புறக் குளிருக்கும் வெளிப்புறக் குளிருக்கும் வேறுபாடே இல்லை.

பிழை மின்சாரத்தில் மட்டும் இல்லை. ஹீட்டரை வாங்கும்போது எண்ணிப் பார்க்க வேண்டியவற்றை, குடிலைத் தேர்ந்தெடுக்கும்போதே எண்ணியிருக்க வேண்டும். அதை எங்களுக்குக் கற்பித்தது லடாக்.

லடாக் காட்டும் வழி

லே நகரம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும். சாலைகள் பனியால் மூடப்படும் மாதங்களில் வெளியூர்க் காய்கறி வருவது அரிது. முன்னாளில் அங்குள்ள குடும்பங்கள் உருளைக்கிழங்கு, கேரட், டர்னிப் முதலியவற்றை நிலவறைகளில் பதுக்கிவைத்தே குளிர்காலத்தைக் கழித்தன.

இன்று அதே ஊர்களில், நடுக்குளிரிலும் பசுங்கீரை பறிக்கும் குடில்கள் உள்ளன. அவற்றில் ஹீட்டரும் இல்லை, அடுப்பும் இல்லை. தெற்கு முகம் மட்டும் பாலித்தீன் படலத்தால் மூடப்பட்டிருக்கும். மற்ற மூன்று புறமும் தடித்த மண்கல் சுவர்கள். சுவர் இரட்டையாக எழுப்பப்பட்டு, இடைவெளியில் வைக்கோல் அல்லது மரத்தூள் நிரப்பப்பட்டிருக்கும். இரவில் படலத்துக்கு அடியில் துணித்திரை இழுக்கப்படும். லே நகரிலுள்ள பாதுகாப்பு உயர்மலை ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய அகழிக் குடில் இதனினும் எளியது. சுமார் 3 அடி ஆழத்துக்கு நிலத்தைத் தோண்டி, மேலே படலத்தை விரித்துவிட்டால் சுற்றியுள்ள மண்ணே சுவராகிவிடுகிறது.

லடாக்கில் குளிர் மிகுதி. ஆனால் மேகமற்ற வானமும் மிகுதி. ஆண்டில் சுமார் 300 நாட்கள் அங்கே வெயில் உண்டு. பகலில் வரும் அந்த வெயிலைச் சுவரிலும் மண்ணிலும் வரவுவைத்து, இரவில் சிறுகச் சிறுக எடுத்துச் செலவிடுவதே அக்குடில்களின் முறை. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் இது எளிதில் விளங்கும். வெயில் வரவு. மண்ணும் நீரும் சுவரும் சேமிப்பு. படலத்தின் வழியாகவும் இடுக்குகளின் வழியாகவும் வெளியேறும் வெப்பம் செலவு. ஹீட்டர் என்பது கடன். அவசரத்துக்குக் கடன் நல்ல துணைதான். அன்றாடச் செலவுக்கே கடனை நம்பியிருக்கும் குடும்பம் நிலைக்காது.

குடில் சூடாவது எப்படி?

கதிரவன் ஒளி படலத்தைக் கடந்து உள்ளே வந்து மண்ணையும் செடிகளையும் சூடாக்குகிறது. அவை காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் அடைபட்டு நிற்கிறது. 1909-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் இரண்டு பெட்டிகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார். ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றொன்றை வெப்பக் கதிர்களை எளிதாக வெளியே விடும் பாறையுப்புத் தகட்டாலும் மூடினார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின. கண்ணாடி வெப்பக் கதிர்களைத் தடுப்பதைவிட, சூடான காற்றைச் சிறைப்படுத்துவதே முதன்மையான காரணம் என்று இதிலிருந்து விளங்கிற்று.

நமக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் உண்டு. கதவின் அடியில் விரற்கடை இடுக்கு இருந்தாலும் குடிலின் வேலை கெட்டுவிடும். விலையுயர்ந்த தகடு வாங்குவதற்கு முன் இடுக்குகளை அடைப்பதே முதல் வேலை.

மற்றொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. சாதாரணப் பாலித்தீன் வெப்பக் கதிர்களை எளிதாக வெளியே விட்டுவிடும். மேகமற்ற, காற்றசையாத இரவில் மெல்லிய பாலித்தீன் கூடாரத்தின் உட்புறம் சில வேளைகளில் வெளிப்புறத்தைவிடவும் குளிர்ந்துபோவது உண்டு. ஆகவே இரவில் ஒரு போர்வை இன்றியமையாதது.

தேர்வின் நான்கு படிகள்

முதற்படி, இடமும் திசையும். குளிர்காலத்தில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால் குடிலின் நீண்ட பக்கம் தெற்கு நோக்கி இருக்க வேண்டும். மார்கழி மாதத்தின் குறுகிய பகல்களில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து லே நகரில் சுமார் 32 டிகிரியும், சிம்லாவில் 35 டிகிரியும், உதகையில் 55 டிகிரியும் உயரத்தில் நிற்கும். வெயில் நேர்குத்தாக விழ வேண்டுமானால், வடக்கே செல்லச் செல்லக் குடிலின் தெற்கு முகம் செங்குத்தாக நிற்க வேண்டும். பனி பொழியும் ஊர்களில் கூரைச் சாய்வு 30 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது வேறொரு வகையிலும் நல்லது. பனி தங்காமல் வழுக்கி விழும். இடத்தை முடிவு செய்யுமுன், குளிர்காலத்தில் ஒரு நாள் காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை அங்கே நிழல் விழுகிறதா என்று நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் பார்த்து எடுத்த முடிவு மார்கழியில் பொய்த்துப்போகும்.

இரண்டாம் படி, வடிவம். தனியே நிற்கும் குடில், வீட்டுச் சுவரோடு சாய்ந்த குடில் என இரண்டு வகை. வீட்டின் தெற்குச் சுவரோடு சாய்த்துக் கட்டுவதே சிறு தோட்டத்துக்கு ஏற்றது. 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட எங்கள் குடிலின் அளவையே எடுத்துக்கொள்வோம். சுவரருகே உயரம் 2.4 மீட்டர், முன்புறம் 1.6 மீட்டர் என்றால், சாய்ந்த குடிலில் வெளிக்குளிரைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 19 சதுர மீட்டர். அதே அளவில் தனியே நிற்கும் குடிலுக்கு அது 26 சதுர மீட்டருக்கும் மேல். வெறும் இடத்தேர்வினாலேயே வெப்ப இழப்பில் கால் பங்குக்குமேல் மிச்சமாகிறது. பகலில் வெயில் காய்ந்த செங்கல் சுவர் இரவில் தன் சூட்டையும் கொடுக்கிறது.

மூன்றாம் படி, போர்த்தும் பொருள். கண்ணாடி நெடுங்காலம் தெளிவு குன்றாமல் உழைக்கும். ஆனால் கனமானது, ஆலங்கட்டி மழைக்கு அஞ்ச வேண்டும். புற ஊதாக் கதிர்களைத் தாங்கும்படி தயாரிக்கப்பட்ட 200 மைக்ரான் பாலித்தீன் படலம் மலிவானது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். இரட்டைச் சுவர்ப் பாலிகார்பனேட் தகடு விலை கூடியது. எனினும் உடையாது, இடையிலுள்ள காற்று குளிரைத் தடுக்கும். அதைப் பொருத்தும்போது புற ஊதாப் பூச்சுள்ள பக்கம் வெளியே இருக்க வேண்டும். தகட்டின் திறந்த முனைகளை நாடா ஒட்டி மூடாவிட்டால் உள்ளே ஈரமும் பாசியும் சேரும். கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் வருந்த வேண்டியதில்லை. பாலித்தீன் படலத்தையே இரண்டு அடுக்காக, நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கட்டினால் பெரும்பயன் கிடைக்கும்.

நான்காம் படி, பயிர். வெப்பச் செலவை எல்லாவற்றிலும் மிகுதியாகத் தீர்மானிப்பது இதுவே. பாலக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி, கடுகுக்கீரை, முள்ளங்கி, பட்டாணி முதலியவை குளிரைப் பொறுப்பவை. இரவில் 5 டிகிரி இருந்தால் அவற்றுக்குப் போதும். தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி ஆகியவற்றுக்கு இரவில் 12 டிகிரியாவது வேண்டும். வெளியே உறைநிலைக்குக் கீழே 2 டிகிரி என்றால், முதல் வகைக்கு நாம் தாங்க வேண்டிய வேறுபாடு 7 டிகிரி; இரண்டாம் வகைக்கு 14 டிகிரி. செலவு அப்படியே இரட்டிப்பாகிறது.

ஓர் இரவின் கணக்கு

வெப்ப இழப்பைக் கணக்கிட எளிய வாய்பாடு ஒன்று உண்டு. குடிலின் வெளிப்பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் பெருக்கி, பொருளுக்குரிய எண்ணாலும் பெருக்க வேண்டும். விடை வாட் அளவில் கிடைக்கும். பொருளுக்குரிய எண் தோராயமாக ஒற்றைப் பாலித்தீனுக்கும் ஒற்றைக் கண்ணாடிக்கும் 6, இரட்டைப் பாலித்தீனுக்கு 4, இரட்டைச் சுவர்ப் பாலிகார்பனேட்டுக்கு 3.5.

எங்கள் முதல் குடிலுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். பரப்பு 26.5, வேறுபாடு 14, எண் 6. பெருக்கினால் ஏறத்தாழ 2,200 வாட். எங்கள் 2,000 வாட் ஹீட்டர் இரவு முழுதும் ஓயாமல் ஓடியும் ஏன் திணறியது என்பது இப்போது தெளிவாகிறது. 12 மணி நேரத்துக்கு 24 யூனிட். ஒரு யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஓர் இரவுக்கு 168 ரூபாய். 90 இரவுகளுக்கு 15,000 ரூபாய்க்கும் மேல். அந்தப் பணத்துக்குக் கடையில் எவ்வளவு தக்காளி வாங்கியிருக்கலாம் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனி, சுவரோடு சாய்ந்த குடில், இரட்டைப் பாலித்தீன், உள்ளே கீரை வகைகள் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 19, வேறுபாடு 7, எண் 4. விடை ஏறத்தாழ 530 வாட். 12 மணி நேரத்துக்கு 6.4 யூனிட். ஹீட்டரைத் தொடாமலே தேவை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

நீர் என்னும் சேமிப்பு

எஞ்சிய தேவையையும் பெரும்பாலும் வெயிலைக் கொண்டே ஈடுகட்டலாம். எளிதில் கிடைக்கும் பொருள்களுள் வெப்பத்தை மிகுதியாகத் தேக்கிவைப்பது நீர். 200 லிட்டர் பீப்பாய் இரண்டை வாங்கிக் கறுப்பு வண்ணம் பூசி, நீர் நிரப்பி, மூடியிட்டு, வெயில் படும்படி வடக்குச் சுவரோரம் நிறுத்துங்கள். பகலில் அந்த நீர் 10 டிகிரி சூடேறி, இரவில் அதே 10 டிகிரி ஆறினால் வெளிவிடும் வெப்பம் சுமார் 4.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இந்த மின்சாரத்துக்குக் கட்டணமும் இல்லை, மின்தடையும் இல்லை.

அத்துடன் இரவுப் போர்வையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கம்பளியோ, பஞ்சு வைத்துத் தைத்த தடித்த திரையோ, எதுவாயினும் சூரியன் சாய்ந்ததும் மூடி, காலையில் வெயில் விழுந்ததும் நீக்க வேண்டும். இழப்பில் மூன்றில் ஒரு பங்கை அது தடுத்தாலும் 6.4 யூனிட் 4.3 யூனிட்டாகிறது. பீப்பாய்கள் தருவது 4.7. வரவும் செலவும் நேராகிவிட்டன. நிலத்தின் வழியே குளிர் ஏறாதிருக்க, குடிலின் ஓரத்தைச் சுற்றி இரண்டடி ஆழத்துக்குத் தெர்மகோல் பலகையைப் புதைப்பதும் நல்ல பழக்கம்.

இந்த எண்கள் தோராயமானவை என்பதை நினைவில் கொள்க. இடுக்குகள், காற்றின் வேகம், தொடர்ந்து சில நாட்கள் மூடியிருக்கும் மேகம் ஆகியவை கணக்கை மாற்றும். அத்தகைய நாட்களுக்காகத்தான் ஹீட்டர்.

ஹீட்டர்: எது, எப்படி?

மேலே சொன்ன குடிலுக்கு 500 முதல் 1,000 வாட் வரையுள்ள, வெப்பநிலையைத் தானே கண்காணித்து இயங்கி நிற்கும் அமைப்புடைய மின்சார ஹீட்டர் போதும். அதை 4 அல்லது 5 டிகிரியில் அமைத்துவிட்டால் தேவையான இரவுகளில் மட்டும் இயங்கும். ஈரம் மிக்க இடமாதலால் நில இணைப்பும், கசிவு மின்சாரத்தை உணர்ந்து துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு சுவிட்சும் கட்டாயம் வேண்டும். நீட்டிப்பு வயரைத் தரையில் இழுத்துப் போடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

நாற்றுகளுக்கு மட்டும் கூடுதல் சூடு தேவையானால் குடில் முழுவதையும் சூடாக்க வேண்டாம். நாற்றுத் தட்டின் அடியில் 40 வாட் வெப்பப் பாய் ஒன்றை விரித்தால் 12 மணி நேரத்துக்கு அரை யூனிட்தான் செலவாகும். மின்சாரமே வேண்டாம் என்போர், இரண்டடி உயரத்துக்குப் புதுச் சாணமும் வைக்கோலும் கலந்து குவித்து, அதன்மேல் மண் பரப்பி நாற்றுவிடலாம். அது மட்கும்போது எழும் சூடு சில வாரங்களுக்கு நீடிக்கும்.

கரியடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் ஆகியவற்றை மூடிய குடிலுக்குள் எரிக்கவே கூடாது. அரைகுறையாக எரியும் எரிபொருளிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. மூடிய அறைக்குள் கரியடுப்பு வைத்து உறங்கியோர் இறந்த செய்திகள் வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் வருகின்றன. வீட்டோடு ஒட்டிய குடிலிலிருந்து அவ்வாயு வீட்டுக்குள்ளும் புகக்கூடும். அப்புகையிலுள்ள எத்திலீன் செடிகளையும், குறிப்பாகத் தக்காளியை, கெடுத்துவிடும். நாற்றுகள் போனால் மறுபடியும் விதைக்கலாம்.

அன்றாட ஒழுங்கு

மார்கழியிலும் நண்பகலில் மூடிய குடில் 35 டிகிரியைத் தாண்டக்கூடும். 25 டிகிரியைத் தொட்டதும் காற்றுச் சாளரத்தைத் திறக்க வேண்டும். சாளரங்களின் மொத்தப் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருப்பது நல்லது. வெயில் இறங்குவதற்கு முன்பே, பிற்பகல் 3 மணியளவில், மூடிவிட்டால் அன்றைய சூடு உள்ளே தங்கும். தண்ணீர் ஊற்றுவது காலையில் மட்டும். மாலையில் ஊற்றினால் இலையில் ஈரம் தங்கிச் சாம்பல் பூஞ்சணம் பற்றும். குறைந்த அளவையும் கூடிய அளவையும் பதிவுசெய்யும் வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, நாள்தோறும் அவ்விரு எண்களையும் குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். ஒரு மாதக் குறிப்பு, உங்கள் குடிலின் வரவு செலவை எந்த விற்பனையாளரையும்விடத் தெளிவாக உங்களுக்குச் சொல்லும்.

பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது?

முதலில் நல்ல இடமும் உறுதியான சட்டகமும். அடுத்து இடுக்கற்ற கதவும் இரட்டைப் போர்வையும். பின்னர் நீர்ப் பீப்பாய்களும் இரவுத் திரையும். கடைசியில், பணம் மிஞ்சினால், சிறிய ஹீட்டர். நாங்கள் முதல் முறை செய்தது இதன் நேர்த் தலைகீழ் வரிசை.

மறு ஆண்டு அதே குடிலின் சட்டகத்தைப் பிரித்து, வீட்டின் தெற்குச் சுவரோடு சாய்த்துக் கட்டினோம். படலத்தை இரட்டிப்பாக்கி, இரண்டு பழைய பீப்பாய்களுக்குக் கறுப்பு வண்ணம் பூசினோம். தக்காளி ஆசையைப் பங்குனி வரை தள்ளிவைத்தோம். அந்தக் குளிர்காலத்திலும் பனி பொழிந்தது, மின்சாரமும் சில இரவுகள் நின்றது. ஒரு நாள் காலை படலத்தின் மேலிருந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு உள்ளே சென்றோம். வெப்பமானி 6 டிகிரி காட்டியது. பொங்கலன்று சமையலுக்கு வேண்டிய கொத்தமல்லியையும் பாலக்கீரையையும் அங்கிருந்தே பறித்துவந்தோம்.